அனுமதியும் தடையும்: தமிழர் புலம்பெயர்வு வரலாற்றில் கஞ்சாச் சட்டங்கள், 1870–2024

2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆம் திகதி, வயதுவந்த ஒருவர் தனிப்பட்ட இடத்தில் தம் சொந்தத் தேவைக்குக் கஞ்சாவைப் பயிரிடுவதையும் பயன்படுத்துவதையும் குற்றமாகக் கொள்வது அந்தரங்க உரிமைக்கு முரணானது எனத் தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு மாதம் நிறைவதற்கு முதல் நாள், ஒக்டோபர் 17 அன்று, கனடாவில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமாயிற்று. இவ்விரு நாடுகளும் தமிழர் புலம்பெயர்வின் இரு வேறு காலங்களுக்கு உரியவை. ஒன்றுக்குத் தமிழர் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மற்றதற்கு 1983 இன் பின்னர் பெருமளவில் அகதிகளாக வந்தனர். தென்னாபிரிக்கத் தீர்ப்பைப் பற்றியோ கனடியச் சட்டத்தைப் பற்றியோ எழுந்த விவாதங்களில் இத்தொடர்பு பேசப்பட்டதாக நான் கண்டதில்லை. தமிழாய்வு அரங்குகளிலும் இப்பொருள் அரிதாகவே எடுக்கப்படுகிறது. 'கஞ்சா' என்ற சொல்லை ஆய்வுத் தலைப்பில் இடுவதற்கே நமக்கு ஒரு கூச்சம் உண்டு. எனக்கும் நெடுங்காலம் இருந்தது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குதல் இருபத்தொராம் நூற்றாண்டின் புதிய பரிசோதனை என்று ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே கருதுகின்றனர். அது புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் வரி செலுத்தி விற்கப்பட்ட பண்டமாக இருந்தது. அதே காலத்தில், அதே பேரரசின் வேறு குடியேற்றங்களில், அதே மாகாணத்திலிருந்து கப்பலேறிய மக்களுக்கு அது தடைசெய்யப்பட்டிருந்தது. செடி ஒன்று, மக்கள் ஒருவர், ஆட்சியும் ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. இந்த வேறுபாட்டுக்குச் செடியின் இயல்பில் விடை கிடைக்காது. அதைப் புகைத்தவர் ஆட்சியாளருக்கு எவ்வகையில் பயன்பட்டார் என்பதில் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்றைய சட்டபூர்வமாக்கலின் இலாபமும் சுமையும் யார் யாரைச் சேர்கின்றன என்ற கேள்வியையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கவேண்டும். நான் மருத்துவன் அல்லன். கஞ்சா நன்றா தீதா என்ற வினாவுக்கு விடை கூறுவது என் நோக்கமும் அன்று.

சென்னை மாகாணத்தின் உரிமக் கடைகள்

1893 மார்ச்சு மாதத்தில், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் என்ற உறுப்பினர் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் இந்தியாவின் கஞ்சா வாணிபம் குறித்துக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அவ்வாண்டிலேயே இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மக்வர்த் யங் என்பவர் தலைவர். உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். அது இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மாவட்ட அதிகாரிகள், மருத்துவர்கள், பாதிரிமார், பயிர்செய்தோர், வணிகர் எனப் பல தரப்பினரும் அதன்முன் தோன்றினர். 1894 இல் வெளிவந்த அறிக்கை, இணைப்புகளோடு சேர்த்து மூவாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. இன்றுவரை இப்பொருள்பற்றி நிகழ்ந்த அரச விசாரணைகளுள் இவ்வளவு விரிவானவை மிகச் சிலவே.

அவ்வறிக்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி மனநோய் மருத்துவமனைகளைப் பற்றியது. கஞ்சா பித்துப்பிடிக்கச் செய்யும் என்பதற்கு அக்காலத்தில் எல்லோரும் காட்டிய சான்று மருத்துவமனைப் பதிவேடு. 1892 ஆம் ஆண்டின் பதிவேடுகளில் 222 நோயாளரின் நோய்க்குக் கஞ்சா முதலியனவே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஆணைக்குழு அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. பதிவேட்டில் 'நோயின் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அது வெறுமையாக இருக்கக்கூடாது. தெருவில் திரிந்தவரைப் பிடித்துவந்த பொலிஸ்காரர், அவரைப்பற்றி எதுவும் அறியாத நிலையில், வழக்கமாக எழுதப்படும் காரணத்தை எழுதினார். மருத்துவர் அதையே படியெடுத்தார். ஆண்டறிக்கையில் அது புள்ளிவிபரமாயிற்று. மறு ஆய்வின் பின் அந்த 222 இல் பாதிக்கும் குறைவானவையே எஞ்சின. ஒரு கட்டத்தை நிரப்பவேண்டிய அலுவலகத் தேவையிலிருந்து ஒரு மருத்துவ உண்மை எவ்வாறு பிறக்கிறது என்பதை என் மாணவர்க்குக் காட்ட நான் பல ஆண்டுகள் இப்பகுதியையே எடுத்தாண்டுள்ளேன்.

அளவோடு பயன்படுத்துவதால் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை என்றும், மிகுதியாகப் பயன்படுத்துவது தீங்கானது என்றும், முழுத்தடை தேவையுமன்று உகந்ததுமன்று என்றும் பெரும்பான்மை உறுப்பினர் முடிவு செய்தனர். தடை விதித்தால் சமய உணர்வு புண்படும், மக்கள் மதுவுக்கும் அதனினும் கொடிய பொருள்களுக்கும் திரும்புவர் என்பன அவர்கள் கூறிய காரணங்களுட் சில. இந்திய உறுப்பினருள் இருவர் இம்முடிவிலிருந்து வேறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர் என்பதை இங்கு மறைக்கக்கூடாது. ஆங்கிலேயர் தாராளமாகவும் இந்தியர் கண்டிப்பாகவும் நின்ற இந்தக் காட்சி, இப்பொருளை எளிய குடியேற்ற எதிர்ப்புக் கதையாக எழுத விரும்புவோர்க்கு இடறலாகவே இருக்கும்.

தடைக்குப் பதிலாக ஆணைக்குழு பரிந்துரைத்தவை நான்கு: போதிய வரி, உரிமம் பெற்றோர் மட்டும் குறித்த இடத்தில் பயிரிடுதல், கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவுக்கு வரம்பு கட்டுதல். சென்னை மாகாணத்தில் 1886 ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் போதைப்பொருள் விற்பனையை ஏற்கெனவே உரிம முறைக்குள் கொண்டுவந்திருந்தது. பயிரிட்ட இடங்களில் கிருஷ்ணா மாவட்டத்துச் சிற்றூர்களும் வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையும் முதன்மையானவை. விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. வாங்கியோர் பைராகிகள், பக்கிரிகள், பண்டாரங்கள், உடலுழைப்பாளர். வங்காளத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மாவட்டங்களின் நுகர்வு சிறிது. மாகாணத்தின் ஆப்காரி வருமானத்தின் பெரும்பகுதி கள்ளிலிருந்தும் சாராயத்திலிருந்துமே கிடைத்தது. அரசு கஞ்சாவைப் போற்றவில்லை. அதன்மீது சினங்கொள்ளவும் இல்லை. வருமானக் கணக்கில் அது ஒரு சிறு வரி.

நேட்டாலின் 70 ஆம் பிரிவு

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டேர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 152,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 சிலிங்.

முதற் கப்பல் வந்து பத்தாண்டு கழிவதற்குள், 1870 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கூலிகள் தொடர்பான விதிகளை ஒருங்கு திரட்டிய சட்டம் அது. அதன் 70 ஆம் பிரிவு, கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் கூலிகள் புகைப்பதையும் பயன்படுத்துவதையும் வைத்திருப்பதையும் அவர்களுக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடைசெய்தது. தென்னாபிரிக்க மண்ணின் தொடக்ககாலக் கஞ்சாத் தடைகளுள் ஒன்றான இது, குற்றவியல் சட்டத்திலோ மருத்துவச் சட்டத்திலோ இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வேலைக்கு வராமை, அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் ஆகியவற்றைப் பேசும் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவு அது. அது குறித்தது கூலியை மட்டுமே.

கஞ்சாவை நேட்டாலுக்குக் கொண்டுவந்தவர் இந்தியர் அல்லர். 'டாகா' என்ற பெயரில் தென்னாபிரிக்கப் பழங்குடியினர் அதனைப் பயன்படுத்தியதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே, கேப் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் றீபீக் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நேட்டாலில் தோட்டங்களைச் சூழ்ந்து வாழ்ந்த சூலு மக்கள் அதனைப் பயிரிட்டனர், புகைத்தனர். 70 ஆம் பிரிவு அவர்களைப்பற்றி மௌனமாக இருந்தது. கரும்புத் தோட்டங்கள் அன்று சார்ந்திருந்தது இந்திய உழைப்பை. ஆகவே, கூலியின் சிலும்பி சட்டத்தின் பொருளாயிற்று.

சட்டத்தின் உட்கருத்தை 1885 இல் அமைக்கப்பட்டு 1887 இல் அறிக்கை தந்த ராக் ஆணைக்குழு ஒளிவின்றி வெளிப்படுத்தியது. டாகா புகைக்கும் இந்தியத் தொழிலாளி, எந்த வேலைக்காக இக்குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டானோ அந்த வேலையைத் திருப்தியாகச் செய்ய இயலாதவனாகிறான் என்பதே அதன் கவலையின் மையம். உடல்நலக் கேட்டைப் பற்றியும் அது பேசாமலில்லை. ஆயினும் உடல்நலம் என்பது அங்கு வேலைக்கான உடல்நலமே. இதனை மதுவோடு வைத்துப் பார்க்கலாம். தொழிலாளரிடையே ரம் பரவியதும் அதனால் விளைந்த கேடுகளும் அதே ஆணைக்குழுவின் அறிக்கையில் இடம்பெறுகின்றன. ரம் கரும்பிலிருந்து வடிவது. தோட்டத்தின் விளைபொருளோடு பிணைந்தது. அரசுக்கு வரி தருவது. கஞ்சாவோ வேலியோரத்தில் வளர்ந்து கைக்குக் கை மாறியது. அதிலிருந்து தோட்டத்துக்கோ கருவூலத்துக்கோ எதுவும் வரவில்லை.

கரும்பு வெட்டிய கைவலிக்கும் ஊர் நினைவுக்கும் அந்தப் புகை என்ன செய்தது என்பதைத் தொழிலாளர் வாயிலாக அறிய முடியவில்லை. அதிகாரபூர்வ ஆவணங்களில் அவருடைய குரல் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் கைவழியே, அதுவும் குற்றம் சாட்டப்பட்டவரின் குரலாகவே, நம்மை வந்தடைகிறது.

ஆக, ஏழாண்டு இடைவெளியில் ஒரே பேரரசின் இரு ஆணைக்குழுக்கள் இரு முடிவுகளுக்கு வந்தன. இந்திய ஆணைக்குழுவின்முன் நின்றவர் வரி செலுத்தும் குடிமகன். அவரைச் சினமூட்டுவதில் அரசுக்கு அச்சம் இருந்தது. ராக் ஆணைக்குழுவின்முன் நின்றவர் ஒப்பந்தத்தால் கட்டுண்ட உழைப்பாளி. அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது வரியன்று, அடுத்த நாட் காலை வேலைக்கு வருதல். ஜவ்வாது மலையடிவாரத்து ஊரொன்றில் உரிமக் கடையில் கஞ்சா வாங்கிய ஒருவர், கப்பலேறி இறங்கியதும் அதே செயலுக்குக் குற்றவாளியானார்.

பிற தீவுகள், பின்னர் ஜெனீவா

நேட்டால் தனித்த நிகழ்வன்று. மொரீசியஸ் 1840 இலும், பிரித்தானிய கயானா 1861 இலும், திரினிடாட் 1885 இலும் கஞ்சா குறித்துத் தடையோ கட்டுப்பாடோ விதித்தன. மூன்றும் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் சென்ற கரும்பு நாடுகள். திரினிடாட் தடைக்குப் பதிலாக உரிமக் கட்டணத்தில் தொடங்கியது. 1913 இல் ஜமெய்க்கா தடைச்சட்டம் இயற்றியது. அங்கு சென்ற இந்தியருட் பெரும்பாலோர் கல்கத்தா வழியே சென்றவர். தமிழர் சிறு தொகையினர். செடியும் பெயரும் அவர்களிடமிருந்து ஆபிரிக்க வழிவந்த உழவரைச் சேர்ந்தன. 1930 களில் ராஸ்தபாரி சமயம் தோன்றியதன் பின் அச்செடி வழிபாட்டுப் பொருளாயிற்று. கூலிகளை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அப்புதிய மக்களைப் பிடித்துச் சிறையிட்டது. தென்னாபிரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. இந்தியரோடு தொடங்கிய தடை 1922 இன் பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், குறிப்பாக 1971 ஆம் ஆண்டின் கடுஞ்சட்டத்தின் கீழ், அதன் பெருஞ்சுமை கறுப்பினத்தவர் தோளில் இறங்கியது.

1923 இல் தென்னாபிரிக்க அரசு, இந்தியக் கஞ்சாவையும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்துமாறு உலக நாடுகள் சங்கத்துக்கு எழுதியது. 1925 இன் ஜெனீவா மாநாட்டில் எகிப்தியப் பிரதிநிதி அக்கோரிக்கையை வலுவாக முன்வைத்தார். சமூக, சமய வழக்கங்களைச் சுட்டி இந்தியத் தரப்பு தயங்கியது. முடிவில் கஞ்சா உடன்படிக்கைக்குள் வந்தது. 1961 இன் தனி உடன்படிக்கை அதனை உலகச் சட்டமாக்கியது. கனடா இதற்கும் முன்னதாக, 1923 இல், நாடாளுமன்றத்தில் விவாதம் என்று சொல்லத்தக்க எதுவுமின்றி, கஞ்சாவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியா 1985 இல் போதைப்பொருள் சட்டம் இயற்றியபோது இலையையும் விதையையும் வரைவிலக்கணத்திலிருந்து விலக்கிப் பாங்குக்கு வழிவிட்டது. உரிமக் கடைகளின் நெடிய வரலாற்றில் எஞ்சியது அவ்வளவே.

மலையில் பயிரிட்டவர்கள்

தடை தளரும்போது முதலில் கேட்கவேண்டியது, தடைக்காலத்தில் பயிரிட்டவர் என்னவாகிறார் என்பது. ஜமெய்க்கா 2015 இல் சட்டத்தைத் திருத்தியது. இரண்டு அவுன்சு வரை வைத்திருத்தல் 500 ஜமெய்க்க டொலர் தண்டப்பணத்துக்குரிய சிறு மீறலாயிற்று. வீட்டுக்கு ஐந்து செடிகள் அனுமதிக்கப்பட்டன. ராஸ்தபாரியரின் வழிபாட்டுப் பயன்பாடு ஏற்கப்பட்டது. வணிகத்துக்கோ உரிமம் வேண்டும். உரிமத்துக்கு வேலியும் காவலும் கண்காணிப்புக் கருவியும் நிலப்பத்திரமும் வேண்டும். மலைச்சரிவில் பத்திரமற்ற துண்டு நிலத்தில் பயிரிட்டவரிடம் இவை இல்லை. மரபுவழி உழவர்க்கெனத் தனித்திட்டம் பின்னரே வந்தது. அதுவும் சிறு அளவில்.

தென்னாபிரிக்காவில் 2024 மே மாதம் கையொப்பமிடப்பட்ட சட்டம் தனிப் பயன்பாட்டை அனுமதித்தது. விற்பனை குற்றமாகவே தொடர்கிறது. மருத்துவ ஏற்றுமதிக்கான உரிமம் பெருஞ்செலவில் கிடைக்கும். கிழக்குக் கேப்பின் பொண்டோலாந்துப் பள்ளத்தாக்குகளில் தலைமுறைகளாக இச்செடியை விற்றே பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. சட்டபூர்வமாதல் அவர்களுக்கு நட்டமாகவும் முடியலாம். தடைக்காலத்தில் ஆபத்துக்கென்று கிடைத்த விலை இப்போது கிடைப்பதில்லை, சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்திலும் உரிம முறை பயிரைச் சில இடங்களில் குவித்து, பிற ஊர்களில் கொல்லையில் நின்ற செடியைக் குற்றமாக்கியது என்பதை இங்கு நினைவுகூரலாம். அனுமதி எப்போதும் சிலருக்கான அனுமதியே.

ஸ்டீல்ஸ் வீதியின் இருபுறமும்

கனடியச் சட்டத்தின் கட்டமைப்பைப் படிப்போர், 1894 இன் அறிக்கையைப் படித்திருந்தால், ஒரு பழைய முகத்தை அடையாளம் காண்பர். உரிமம் பெற்ற பயிர்ச்செய்கை, பொது இடத்தில் 30 கிராம் என்ற உடைமை வரம்பு, கிராமுக்கு ஒரு டொலர் அல்லது விலையில் 10 வீதம் இவற்றுள் எது கூடியதோ அந்த வரி, கடைகளுக்கு உள்ளூராட்சி விதிக்கும் எல்லை. வரி வருமானத்தில் முக்காற்பங்கு மாகாணங்களுக்கு. சென்னையில் கடையுரிமை ஏலத்தில் போயிற்று. ஒன்ராறியோவில் 2019 ஏப்பிரலில் திறக்க முதன்முதலில் அனுமதிக்கப்பட்ட 25 தனியார் கடைகளுக்கு உரியோரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தனர்.

பொருளாதார விளைவு ஒரு சீரானதன்று. ஒட்டாவாவுக்குத் தெற்கே சிமித்ஸ் போல்ஸ் என்னும் ஒன்பதாயிரம் பேர் வாழும் சிற்றூர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கிருந்த ஹேர்சி நிறுவனத்தின் சொக்கலேற் ஆலை 2008 அளவில் மூடப்பட்டது. அக்கட்டடத்தில் பின்னர் கெனப்பி குரோத் நிறுவனத்தின் கஞ்சா ஆலை வந்தது, ஊர் மீண்டது, சுற்றுலாப் பயணிகளும் வந்தனர். 2023 பெப்ரவரியில் அந்நிறுவனம் 800 பேரை வேலைநீக்கி ஆலையை மூடுவதாக அறிவித்தது. அவ்வாண்டே கட்டடத்தை 53 மில்லியன் டொலருக்கு வாங்கியது வேறு யாருமல்லர், ஹேர்சி நிறுவனமே. பங்குச்சந்தையில் முதலில் நுழைந்து முதலில் வெளியேறியோர் செல்வரானார். கிராமுக்கு ஒரு டொலர் என்ற வரி, விலை உயர்ந்திருந்த காலத்தை எண்ணி வகுக்கப்பட்டது. விலை வீழ்ந்ததும் சிறு உற்பத்தியாளரின் வருமானத்தில் பெரும்பகுதியை அது விழுங்கத் தொடங்கியது.

சட்டபூர்வமாக்கலின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று கள்ளச்சந்தையை ஒடுக்குவது. அது பெருமளவுக்கு நிறைவேறியது. பயன்படுத்துவோரிற் பத்தில் ஏழு பேரளவில் சட்டபூர்வக் கடைகளிலேயே வாங்குவதாக 2023 இன் அரச ஆய்வு காட்டியது. உடைமைக் குற்றச்சாட்டுகள் பெருவீழ்ச்சி கண்டன. வயதுவந்தோரின் நுகர்வு கூடியது: 2018 இன் தொடக்கத்தில் 14 வீதமளவில் இருந்தது, 2020 இன் இறுதியில் 20 வீதமாயிற்று. 15 முதல் 17 வயதினரிடையே அத்தகைய ஏற்றம் தெரியவில்லை. அஞ்சியவர் அஞ்சிய இடத்தில் அல்லாது எவரும் எதிர்பாராத இடத்தில் தீங்கு வந்தது. 2020 இன் தொடக்கத்தில் ஒன்ராறியோவில் கஞ்சா கலந்த இனிப்புப் பண்டங்கள் விற்பனைக்கு வந்தபின், அவற்றை மிட்டாய் என்றெண்ணித் தின்று மருத்துவமனை சேர்ந்த சிறு குழந்தைகளின் தொகை உயர்ந்தது. அத்தகைய மிட்டாய்களையும் சொக்கலேற்றையும் அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தில் உயர்வு குறைவு. கள்ளுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதைவிட, எந்தப் பொருளை எந்த வடிவில் விற்பது என்ற சிறு கேள்வி எத்துணை முதன்மையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேலும், இன்று கடையில் விற்கும் மலரில் ரி.எச்.சி. எனப்படும் போதைக்கூறு 20 வீதத்தைத் தாண்டுவது வழமை. அளவான பயன்பாடு தீங்கற்றது என்ற 1894 இன் முடிவை எடுத்து இன்றைய பொருளுக்குப் பொருத்திக்காட்டுவது நேர்மையாகாது.

ரொறன்ரோவுக்கும் மார்க்கம் நகருக்கும் எல்லை ஸ்டீல்ஸ் வீதி. அதற்குத் தெற்கே, தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில், கஞ்சாக் கடைகள் திறந்தன. வடக்கே, வசதி பெற்ற தமிழர் பின்னர் குடிபெயர்ந்த மார்க்கத்தில், நகரசபை கடைகளை ஏற்க மறுத்தது. கடையில்லாத பக்கத்தில் வாழ்வதைச் சிறப்பாகச் சொல்லும் பெற்றோரை நான் அறிவேன். வீதியைக் கடக்க ஒரு நிமிடமே வேண்டும் என்பதை அவர்கள் பிள்ளைகள் அறிவர்.

தடைக்காலத்துச் சுமை இறக்கப்பட்டதா என்பதே எஞ்சிய கேள்வி. கனடியப் பெருநகரங்களின் பொலிஸ் பதிவுகள், கஞ்சா உடைமைக்காகக் கைதானோரிற் கறுப்பினத்தவரும் முதற்குடியினரும் தம் தொகைக்கு மிகையாக இருந்ததைக் காட்டின. 2020 இல் வெளியான ஆய்வொன்றின்படி கஞ்சா நிறுவனங்களின் தலைமைப் பதவிகளில் இருந்தோரில் 84 வீதத்தினர் வெள்ளையர். பழைய உடைமைக் குற்றப்பதிவைக் கட்டணமின்றி நீக்கும் சட்டம் 2019 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பத்தாயிரம் பேரளவில் பயனடைவர் என அரசு எதிர்பார்த்தது. இரண்டு ஆண்டுகளில் நீக்கப்பட்ட பதிவுகள் ஐந்நூறையும் எட்டவில்லை.

குடியுரிமை இல்லாதோர்க்கு இன்னொரு கதவு மூடப்பட்டது. புதிய சட்டத்தின்கீழ் உரிமமின்றி விற்பதற்குரிய உச்சத் தண்டனை 14 ஆண்டு. குடிவரவுச் சட்டமோ, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத் தண்டனையுள்ள குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்ற நிரந்தர வதிவாளரைப் 'பாரதூரமான குற்றவாளி' எனக் கொள்கிறது. நீதிபதி விதித்தது தண்டப்பணம் மட்டுமே ஆயினும் இதுவே விதி. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் மேன்முறையீட்டு உரிமையும் இல்லை. போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையும் 2018 டிசெம்பரில் பத்தாண்டாக உயர்த்தப்பட்டது.

சில ஆண்டுகளின் முன், அறிந்த குடும்பமொன்றின் தாயார் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். ஐந்து வயதில் தாயோடு அகதியாய் வந்த மகன். கட்டணமும் படிவமும் பின்னர் பார்க்கலாம் என்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்ட வீடு. கல்லூரி நண்பருக்குச் சிறு பொதி விற்றதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியிருந்தான். ஒப்புக்கொண்டால் வதிவுரிமைக்கு என்னவாகும் என்பதை எவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கடிதத்தை நான் தமிழில் வாசித்து முடித்ததும் அவர், "சேர், ரோட்டுக்கு அங்காலை லைற் போட்டுக் கடை வைச்சு விக்கினம். என்ரை பிள்ளை வித்தா மட்டும் நாட்டை விட்டு அனுப்புவினமோ?" என்று கேட்டார். விற்ற பொருள் ஒன்றுதான் என்றும், வேறுபாடு உரிமத்தில் உள்ளதென்றும் விளக்கினேன். அந்த விளக்கம் 70 ஆம் பிரிவைப் பற்றி நான் வகுப்பில் கூறிவந்ததற்கு எவ்வளவு அண்மையில் நின்றது என்பது அவர் போன பின்னரே எனக்குப் பட்டது. மகன் மனிதாபிமான அடிப்படையில் இன்னும் இங்கிருக்கிறான், குடியுரிமை கிடைக்கவில்லை.

உலகின் வேறொரு பகுதியில் வேறுபாடு இதைவிடப் பெரிது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்துவது மரணதண்டனைக்குரியது. 2023 ஏப்பிரல் 26 அன்று, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்தார் என்ற தீர்ப்பின்பேரில் அந்நாட்டுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற கடைகள் ஆயிரத்துக்கும் மேல்.

இவ்வரலாற்றை எழுத வேண்டிய மூலங்கள் பலவும் இன்னும் தமிழாய்வாளர் கைபடாதவை. நேட்டாலின் இந்தியக் குடிவரவுத் திணைக்களத்து ஆவணங்கள் பீற்றர்மரிற்ஸ்பேர்க் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் 70 ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டோரின் பெயரும் ஊரும் தோட்டமும் தேடி எடுக்கப்படவேண்டும். இந்திய ஆணைக்குழுவின் இணைப்புகளில் சென்னை மாகாணச் சாட்சியங்களும் உள்ளன. ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து விடை எழுதியோரின் சொற்களை, கப்பற்பதிவேடுகளில் அதே மாவட்டங்களைச் சொந்த ஊராகக் குறிப்பிட்டோரின் வாழ்க்கையோடு சேர்த்து வாசிக்கும் பணியை இளைய ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்வாராயின், என்னிடமுள்ள படிகளையும் குறிப்புகளையும் தரக் காத்திருக்கிறேன்.